இளைஞர் பிரிவு என்னும் ஒற்றை முத்திரை

அரசியற் கட்சிகளின் பெயரைத் தமிழில் ஆக்கும்பொழுது நம் எழுத்தாளர் காட்டும் கவலை, அக்கட்சிகளின் வாலிபர் அமைப்புகளுக்குப் பெயரிடும்பொழுது காணப்படுவதில்லை. தாய்க்கட்சியின் பெயர் என்றால் அகராதியைப் புரட்டுவார்கள், அறிந்தவரைக் கேட்பார்கள், ஒற்று மிகுமா மிகாதா என்று வாதிடுவார்கள். வாலிபர் அமைப்பு என்று வந்துவிட்டாலோ, ‘இளைஞர் பிரிவு’ என்ற ஒரே முத்திரையைக் குத்தி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்நாட்டுக் கட்சிகளையே எடுத்துக்கொள்வோம். அம்னோவின் வாலிபர் அமைப்பு தன்னைப் ‘பெர்கெராக்கான் பெமூடா’ என்று அழைத்துக்கொள்கிறது. பெர்கெராக்கான் என்றால் இயக்கம். பாஸ் கட்சியினது ‘டேவான் பெமூடா’. டேவான் என்பது மன்றம் அல்லது அவை. மக்கள் நீதிக் கட்சியினது ‘அங்காத்தான் மூடா’; அங்காத்தான் என்பதன் பொருளைப் பின்னர்ப் பார்ப்போம். ஜனநாயகச் செயல் கட்சியினது தன் பெயரிலேயே ‘சோசலிச’ என்னும் கொள்கைச் சொல்லைச் சுமந்து நிற்கிறது. ஒருவர் தம்மை இயக்கம் என்கிறார். ஒருவர் அவை என்கிறார். ஒருவர் திரண்டெழுந்த கூட்டம் என்கிறார். ஒருவர் கொள்கையைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். தமிழ் ஏடுகளில் இந்நால்வரும் ஒரே சட்டையை அணிந்துகொண்டு வருகிறார்கள்.

இதனைச் சொல்லாராய்ச்சிக்காரரின் வீண் குறை என்று தள்ளிவிட எண்ணுவோர் இருக்கலாம். பெயரில் என்ன இருக்கிறது, விஷயமன்றோ முக்கியம் என்பது அவர்தம் வாதம். அவர்களுக்கு விடையாக, இந்நாட்டு வரலாற்றில் மிகவும் தவறாகப் பெயர்க்கப்பெற்ற வாலிபர் அமைப்பு ஒன்றை முன்வைக்கிறோம்.

1945 அக்டோபரில் ஈப்போவில் மலாய் தேசியக் கட்சி தோன்றியது. 1946-இல் அக்கட்சியின் வாலிபர்களைக் கொண்டு ‘அங்காத்தான் பெமூடா இன்சாப்’ என்றோர் அமைப்பு எழுந்தது. அதன் தலைவர் அகமது பூஸ்தாமாம். அம்மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஆப்பி’ என்றாகும். ஆப்பி என்பது மலாய் மொழியில் தீ. பெயரிட்டவர்கள் இதனை அறியாமல் இட்டார்கள் என்று எவரும் நம்பமாட்டார். 1945-இல் ஜக்கார்த்தாவில் தோன்றிய ‘அங்காத்தான் பெமூடா இந்தோனேசியா’வும் இதே தீயைத் தன் பெயருள் வைத்திருந்தது. மலாய் தேசியக் கட்சியின் பெண்கள் அமைப்பு ‘அங்காத்தான் வனித்தா செடார்’. அதன் சுருக்கம் ‘ஆவாஸ்’. ஆவாஸ் என்றால் எச்சரிக்கை. இன்றும் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கும் இடத்தில் இச்சொல்லைப் பலகையில் எழுதி வைத்திருப்பதை நாம் காண்கிறோம். 1947-இல் இவ்விரண்டும் மலாய் தேசியக் கட்சியும் பிறவும் சேர்ந்து அமைத்த முன்னணியின் பெயர் ‘பூசாட் தெனாகா ராயாட்’, அதாவது மக்கள் ஆற்றல் மையம், சுருக்கினால் ‘புத்ரா’. தீ, எச்சரிக்கை, இளவரசன்: அக்காலத்து மலாய் அரசியலார் பெயரிடும் கலையில் எத்துணைக் கைதேர்ந்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தீயை நம்மவர் என்ன செய்தார்கள்? ஆங்கில நூலைப் பார்த்து எழுதுவோர் ‘ஏ.பி.ஐ.’ என்று எழுதினார்கள். அவ்வளவுதான், தீ அணைந்துபோயிற்று. புள்ளி வைத்துப் பிரித்த மூன்று ஆங்கில எழுத்துகளில் வெப்பம் எங்கிருந்து வரும்? நம் கட்சிகளின் சுருக்கப் பெயர்கள் எழுத்துகளின் வரிசையாக மட்டும் நிற்பவை, தி.மு.க. என்பதற்கோ ம.இ.கா. என்பதற்கோ தனிப்பொருள் கிடையாது. அப்பழக்கத்தைக் கொண்டு மலாய்ச் சுருக்கங்களையும் அளப்பதனால் வந்த பிழை இது. ‘ஆப்பி’ என்று ஒரு சொல்லாகவே எழுதி, முதல்முறை வருமிடத்தில் அதற்குத் தீ என்று பொருள் என ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். எழுத்தாளருக்கு இதனால் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

விரித்த பெயரிலோ சிக்கல் இன்னும் மிகுதி. ‘இன்சாப்’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. ஆண்டு நீதி, நடுநிலை என்னும் பொருளது. உருதுச் சொல்லாக அதனை அறிந்தோர், உடனே ‘நீதி இளைஞர்’ என்று பெயர்த்துவிடுவர். ஆங்கில நூல்களிலும் அவ்வாறு பெயர்த்தவர் உண்டு. ஆயின் மலாய் மொழிக்குள் வந்து குடியேறிய பிறகு அச்சொல் உணர்தல், மனம் விழித்துக்கொள்ளுதல் என்னும் பொருளையே பெரிதும் தருகிறது. ஆவாஸ் என்பதில் உள்ள ‘செடார்’ என்பதற்கும் விழிப்பு என்பதே பொருள். உடன்பிறந்த இரண்டு அமைப்புகள். ஒன்றின் பெயரில் விழிப்பு என்று கொண்டு, மற்றொன்றின் பெயரில் நீதி என்று கொள்ளுதல் பொருந்துமா? ஒரு சொல் பிறந்த ஊரை விசாரிப்பதோடு நில்லாமல், அது இப்பொழுது வாழும் ஊரையும் விசாரிக்க வேண்டும்.

இனி அங்காத்தான். இதனைப் ‘படை’ என்று எழுதுவோரே மிகுதி. அவர்கள்பால் நியாயம் இல்லாமலும் இல்லை. மலேசிய ஆயுதப் படைகளின் மலாய்ப் பெயரிலும் இச்சொல்லே இருக்கிறது. ஆனால் 1950-இல் சிங்கப்பூரில் மலாய் எழுத்தாளர்கள் கூடி அமைத்த ‘அங்காத்தான் சஸ்தெராவான் 50’ என்னும் அமைப்பையும் நினைவுகூர வேண்டும். அதனை ‘எழுத்தாளர் படை’ என்று சொன்னால் பேனாவும் கையுமாக அணிவகுத்துச் சென்றார்கள் போலும் என்று படிப்பவர் நகைப்பர். இந்தோனேசிய இலக்கியத்தார் ‘அங்காத்தான் 45’ என்பது ஒரு தலைமுறையை. ‘அங்காட்’ என்றால் உயர்த்து, தூக்கு என்பது பொருள். ஒருங்கே உயர்ந்தெழுந்த கூட்டம் என்பதே அதிலிருந்து பிறந்த அங்காத்தானின் அடிப்படை. அது படையாகலாம், கப்பல் தொகுதியாகலாம், தலைமுறையாகலாம். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

ஆப்பியினர் சீருடை அணிந்தார்கள், அணிவகுத்தார்கள், இரத்தம் சிந்தியேனும் விடுதலை என்று முழங்கினார்கள். ஆகவே படை என்பது பொருந்தாதா எனின், முற்றும் பொருந்தாது என்று நாம் கூறவில்லை. ஆயினும் அச்சொல்லை அவ்வமைப்பின்மீது ஏற்றி வைப்பதில் அன்றைய வெள்ளை அதிகாரிகளுக்கு ஓர் ஆதாயம் இருந்தது என்பதை மறத்தலாகாது. 1946-இன் இறுதியில் ஆப்பியின் அரசியற் சாசனம் என்னும் சிறு நூலை எழுதிய பூஸ்தாமாம், அதன்பொருட்டு 1947-இல் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்று 1,200 வெள்ளி அபராதம் விதிக்கப்பெற்றார். அவ்வாண்டு ஜூலையில் ஆப்பி தடைசெய்யப்பெற்றது. ஓர் அமைப்பைத் தடைசெய்யக் கருதும் அரசுக்கு அது படை என்று பெயர் பெறுவது எத்துணை வசதி! அவ்வரசின் கோப்புகளைப் பார்த்து எழுதப்பெற்ற ஆங்கில நூல்களிலிருந்து, நம்மவர் அதே சொல்லைக் கேள்வி கேளாமல் இறக்குமதி செய்துகொள்கிறார்கள். ‘எழுச்சியணி’ என்பது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அங்காட் என்பதிலுள்ள எழுதற்பொருளும் அணிவகுப்பின் தோற்றமும் அதில் ஒருங்கே நிற்கின்றன. இதனினும் நல்ல சொல்லை எவரேனும் காட்டினால் ஏற்றுக்கொள்ள நமக்குத் தடையில்லை.

படை என்னும் சொல்லால் நம்மவரே பட்ட பாட்டையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1946-இல் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் ‘தொண்டர் படை’ தோன்றியது. அது கட்சியொன்றின் கிளையன்று. தோட்டத்து வாலிபர்கள் கள்ளை ஒழிப்பதற்கென்று கூடிய கூட்டம். கள்ளுக்கடை மறியல், ஒழுங்குப் பயிற்சி, அணிநடை ஆகியன அதன் வேலைகள். 1947-இன் தொடக்கத்தில் போலீசாரோடு மோதல் மூண்டது; ஒடுக்குமுறையும் தொடர்ந்தது. தமிழில் ‘தொண்டர் படை’ என்றால் மாநாட்டில் பந்தலைக் காத்து, தண்ணீர் கொடுத்து, கூட்டத்தை ஒழுங்கு செய்யும் இளைஞர் என்று சிறு பிள்ளையும் அறியும். தொண்டு என்னும் முன்சொல் படை என்னும் பின்சொல்லின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. அம்முன்சொல்லின் ஆற்றல் ஆங்கிலத்திற்குப் போகும்போது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. படை மட்டும் போய்ச் சேர்ந்தது. நம் சொல்லுக்குப் பிறர் இழைத்த இத்தீங்கை உணர்வோமாயின், பிறர் சொல்லுக்கு நாம் இழைக்கும் தீங்கும் நமக்கு விளங்காமற் போகாது.

‘பிரிவு’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். ஆப்பி முதலில் மலாய் தேசியக் கட்சியின் உறுப்பாக எழுந்தது உண்மையே. ஆனால் புத்ரா முன்னணியில் அது கட்சியின் நிழலில் ஒதுங்காமல் தனக்கென ஓர் இடம் பெற்றுத் தனி உறுப்பாக அமர்ந்திருந்தது. தாய்க்கட்சி தடைசெய்யப்படாதிருக்க, ஆப்பி மட்டும் 1947-இல் தடைசெய்யப்பெற்றது. இத்தகையதொன்றை ‘இளைஞர் பிரிவு’ என்று எழுதிவிட்டால், ஒரு கிளையை வெட்டினார்கள் என்று படிப்பவர் எண்ணுவார். தனியே வேர்விட்ட ஒரு மரத்தை வெட்டினார்கள் என்று அறியமாட்டார்.

வருணிக்கும் அடைமொழியிலும் இதே கேடு உண்டு. ஆப்பியைத் ‘தீவிரவாத இளைஞர் இயக்கம்’ என்று எழுதுவோரைக் காண்கிறோம். நம் முன்னோர் காலத்தில் தீவிரவாதி என்பது பழிச்சொல்லன்று. இந்தியக் காங்கிரசில் திலகரைச் சார்ந்தோர் தீவிரவாதிகள், எதிரணியினர் மிதவாதிகள் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. தீவிரவாதி எனப்பெற்றவர் அதனைப் பெருமையாகவே கொண்டனர். இன்றோ அச்சொல் வெடிகுண்டின் வாடை வீசும் சொல்லாகிவிட்டது. பழைய நூலில் இருந்த அடைமொழியைப் புதிய கட்டுரையில் அப்படியே எடுத்துவைப்பவர், முன்னவர் செய்த புகழ்ச்சியைத் தம்மையறியாமலே இகழ்ச்சியாக்கி விடுகிறார்.

இளமை என்னும் சொல் பெயரில் வந்தாலே அது வாலிபர் அமைப்பு என்று முடிவு கட்டிவிடுவது மற்றொரு தவறு. 1938-இல் இப்ராகிம் யாக்கோப் முதலியோர் அமைத்த ‘கெசாத்துவான் மெலாயு மூடா’ இதற்கு எடுத்துக்காட்டு. ‘மலாய் இளைஞர் சங்கம்’ என்று இதனைத் தமிழாக்குகிறார்கள். மூடா என்னும் அடை மெலாயு என்பதைத் தழுவி நிற்கிறது. ‘இளம் மலாயர் சங்கம்’ என்பதே நேரான ஆக்கம். அது எந்தக் கட்சியின் வாலிபர் அமைப்பும் அன்று. தானே ஓர் அரசியல் இயக்கம். துருக்கி நாட்டில் ‘இளந்துருக்கியர்’ என்றோர் இயக்கம் எழுந்ததை நம் வாசகர் அறிவர். அவர்களைத் ‘துருக்கி இளைஞர்’ என்று எவரும் சொல்வதில்லை. இளமை அங்கே வயதைக் குறிப்பதன்று. பழைமையோடு பிணங்கி நிற்கும் நிலையைக் குறிப்பது.

சிங்கப்பூரிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. மக்கள் செயல் கட்சி 1986-இல் தன் இளையர் அமைப்பைத் தொடங்கியபொழுது அதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரில், பறவையின் சிறகையும் கட்டிடத்தின் பக்கப் பகுதியையும் ஒருங்கே குறிக்கும் சொல் இருந்தது. 1993-இல் அச்சொல்லை நீக்கிவிட்டு ‘இளம் பி.ஏ.பி.’ என்னும் பொருள்பட மாற்றிக்கொண்டார்கள். ‘கட்சியின் ஒரு பகுதி’ என்பதிலிருந்து ‘இளமை பெற்ற கட்சி’ என்பதற்குத் தாவிய அம்மாற்றம் நல்லதோ அல்லதோ, வேண்டுமென்றே செய்யப்பெற்றது. அதனை முன்னும் பின்னும் ‘இளையர் அணி’ என்றே எழுதினால், 1993-இல் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

இனிப் பெண்களின் நிலை. இதுவே நம்மைப் பெரிதும் வருத்துவது. மலாய் மொழியில் பெமூடா என்பதோடு பெமூடி என்றொரு பெண்பாற் சொல்லும் உண்டு. மேடைப் பேச்சில் இரண்டையும் சேர்த்தே விளிப்பார்கள். ஆனால் கட்சியமைப்பின் பெயரில் பெமூடா மட்டுமே நின்றது. 1949-இல் அம்னோவின் வாலிபர் இயக்கம் உசேன் ஓன் தலைமையில் அமைந்த அதே காலத்தில், பெண்களுக்கென அமைந்த பகுதியின் பெயர் ‘காவும் இபு’, அதாவது தாய்மார் கூட்டம். 1971-இல்தான் அது ‘வனித்தா’ என்று மாறியது. இளம்பெண்களுக்கென்று ‘புத்ரி’ அமைந்ததோ 2001-இல். ஆகவே ஓர் இளம்பெண் அக்கட்சியில் சேர்ந்தால், 1949 முதல் 1971 வரை அவள் தாய். அதன்பின் 2001 வரை மாது. அவளுடைய இளமைக்குப் பெயர்ப்பலகையில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இடமில்லை. ‘அம்னோ இளைஞர் பிரிவு’ என்று தமிழில் எழுதும்போது, இளைஞர் என்பது இருபாலுக்கும் பொதுவாகிய பலர்பால் என்னும் இலக்கணத்தால் இவ்வுண்மை மறைந்துபோகிறது. படிப்பவர் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் என்று எண்ணிக்கொள்கிறார். ‘ஆடவ இளைஞர்’ என்று ஒருமுறையேனும் விளக்குவது எழுதுவோர் கடமை.

நம்மவர் கட்சியாகிய ம.இ.கா.வில் இளைஞர் பகுதி, மகளிர் பகுதி என்பனவற்றோடு புத்ரா பகுதி, புத்ரி பகுதி என்பனவும் உள்ளன. வடமொழியிலும் அதன் வழித் தமிழிலும் மகன், மகள் என்னும் பொருளுடைய இச்சொற்கள் மலாய் மொழிக்குப் போய் இளவரசன், இளவரசி ஆகி, முடிசூடித் திரும்பி வந்திருக்கின்றன. தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அரண்மனைப் பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. மகன், மகள் என்னும் பொருளில் கொண்டாலும், கட்சியைப் பெற்றோராகவும் இளைஞரைச் சொற்கேட்கும் பிள்ளைகளாகவும் ஆக்கும் பெயராகவே அது முடிகிறது. ஆப்பி என்று பெயரிட்டவர்களின் துணிவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ச்சொற்களிலும் தேர்ந்தெடுக்க வேண்டியது உண்டு. முன்னாளில் நம் சங்கங்கள் பல ‘வாலிபர் சங்கம்’ என்றே பெயர் பூண்டன. வாலிபன் என்பதற்குப் பெண்பால் கிடையாது. அந்நாளைய சங்கங்களின் உண்மை நிலைக்கு அது பொருந்தியே இருந்தது எனலாம்! பின்னர் இளைஞர் என்பது வந்து அதனை ஒதுக்கியது. இளைஞி என்பதும் உடன் தோன்றியது. சிங்கப்பூரார் ‘இளையர்’ என்னும் சொல்லை எடுத்து ஆள்கின்றனர். தேசிய இளையர் மன்றம் என்பது அவ்வழக்கு. இருபாலுக்கும் இயல்பாகப் பொருந்துவது இதன் சிறப்பு. ஒருமையில் மட்டும் இடர்ப்பாடு உண்டு; இளையாள் என்றால் இரண்டாம் மனைவி என்று வீட்டில் கலகம் விளையும். இன்னுமொரு செய்தியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சங்க இலக்கியத்தில் இளையர் எனப்பெறுவோர், தலைவனோடு உடன் செல்லும் ஏவலரும் வீரருமாவர். தலைவரின் பின்னே கொடி பிடித்து நடக்கவும், மாலை சுமக்கவும், எதிரியைக் கண்டால் கூச்சலிடவும் மட்டும் வாலிபரை வைத்திருக்கும் கட்சிகளுக்கு இப்பழம்பொருள் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது!

வயதைச் சொல்லாமல் விடுவதும் ஒரு குறையே. 2007-இல் இயற்றப்பெற்ற மலேசிய இளைஞர் சங்கச் சட்டம் 15 முதல் 40 வயது வரை உள்ளோரை இளைஞர் என்றது. 2019-இல் மேல்வரம்பை 30 ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் ஏற்றது. அதே ஆண்டில் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தமும் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கட்சிகளோ 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அவற்றின் வாலிபர் யார் என்பதை அவற்றின் விதிகளே வகுக்கின்றன. 40 வயதுவரை இளைஞராக வைத்திருக்கும் கட்சியும் உண்டு. 35 வயதில் அனுப்பிவிடும் கட்சியும் உண்டு. ஒரு கட்சியின் இளைஞர் தலைவர் வேறொரு கட்சியில் மூத்தவராகிவிடுவார். ‘இளைஞர்கள் கொதித்தெழுந்தனர்’ என்று தலைப்பிடும் பத்திரிகை, அவ்விளைஞரின் தலை நரைத்திருப்பதைப் படத்திலும் வெளியிடும்போது வாசகர் என்ன எண்ணுவர்?

இவ்வளவையும் ஒரு செய்தித் தலைப்புக்குள் அடக்க முடியுமா என்று பத்திரிகை அன்பர்கள் கேட்பார்கள். தலைப்பில் வேண்டியதில்லை, கட்டுரையின் முதற்பத்தியில் ஒருமுறை போதும். ‘1946-இல் மலாய் தேசியக் கட்சியிலிருந்து எழுந்து, 1947-இல் புத்ரா முன்னணியில் தனி உறுப்பாக அமர்ந்து, அவ்வாண்டு ஜூலையில் தடைசெய்யப்பெற்ற ஆப்பி என்னும் இளைஞர் எழுச்சியணி’ என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? இரண்டு வரி. அதன்பின் கட்டுரை முழுவதும் ஆப்பி என்றே எழுதிக்கொண்டு போகலாம்.

அவ்வாறே ஆவாஸுக்கும் செய்ய வேண்டும். முதலில் ஆயிஷா கனியும் பின்னர் ஷம்சியா பாக்கேயும் தலைமை தாங்கிய அவ்வமைப்பை ‘ஆப்பியின் மகளிர் பிரிவு’ என்று எழுதியிருப்பதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் கண்டோம். ஆவாஸ் கட்சியின் மகளிர் அமைப்பு, ஆப்பியின் கிளையன்று. புத்ரா முன்னணியில் அது ஆப்பியின் பின்னே நிற்கவில்லை. அதன் பக்கத்தில், தன் பெயரிலேயே, தனி உறுப்பாக அமர்ந்திருந்தது.